தலைச்சன் கொடுத்த விலை: கர்ப்பகால மலேரியா ஆய்வுகளை வாசித்தல்

மருத்துவ ஆய்வுக் கட்டுரையையும் ஓர் இலக்கியப் பிரதியைப் போல வாசிக்கலாம். தலைப்பில் யாருக்கு இடம், வாக்கியத்தில் யார் எழுவாய், எது அளக்கப்படுகிறது, எது அளக்கப்படாமலே போகிறது என்ற கேள்விகள் கதைக்கும் கவிதைக்கும் மட்டும் உரியவை அல்ல. கர்ப்பகால மலேரியா பற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளில் வந்த முக்கியமான சில ஆய்வுகளை இந்தக் கேள்விகளோடு வாசித்தேன். அவற்றில் எனக்குத் தென்பட்டதையும் உறுத்தியதையும் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு தலைப்புகளிலிருந்து தொடங்கலாம். 1996இல் 'சயின்ஸ்' இதழில் மிகல் ஃப்ரீட், பேட்ரிக் டஃபி இருவரும் எழுதிய கட்டுரை வந்தது. மனித நஞ்சுக்கொடியில் இருக்கும் காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் ஏ என்ற பொருளின்மேல் மலேரியா ஒட்டுண்ணி ஒட்டிக்கொள்வதைப் பற்றியது என்று அதன் தலைப்பு சொல்கிறது. 1998இல் அவர்களும் வேறு சிலரும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். தாயின் எதிர்ப்பொருள்கள் மலேரியாவைத் தடுக்கின்றன என்பது அதன் தலைப்பு. முதல் தலைப்பில் நஞ்சுக்கொடி இருக்கிறது. அது 'மனித' நஞ்சுக்கொடி. பெண் இல்லை. இரண்டாவது தலைப்பில் பெண் வந்துவிடுகிறாள், ஆனால் தாயாகத்தான் வருகிறாள். அந்தத் தாய் யார் என்று கட்டுரைக்குள் போய்ப் பார்த்தால், ஏற்கெனவே பிள்ளை பெற்றவள். இந்த இரண்டு தலைப்புகளுக்கும் நடுவே ஒருத்தி விடுபட்டுப்போகிறாள். அவள் தலைப்பிரசவத்துக்குக் காத்திருப்பவள். நோய் மிகக் கடுமையாகத் தாக்குவது அவளைத்தான்.

இந்த ஆய்வுகளைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. பெண்ணுடலைப் பற்றிய ஒரு பழைய பொய்யை இவை உடைத்திருக்கின்றன. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் உடலியல் தெரிந்திருக்க வேண்டும்.

பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து வளர்கிறது. வளரும்போது தன் புரதம் ஒன்றைச் சிவப்பணுவின் மேற்பரப்புக்கு அனுப்புகிறது. அந்தப் புரதம் கொக்கி மாதிரி. இரத்தக்குழாயின் சுவரில் மாட்டிக்கொண்டால் இரத்தத்தோடு மண்ணீரலுக்குப் போய் அழியாமல் தப்பிக்கலாம். இந்தக் கொக்கியைச் செய்ய ஒட்டுண்ணியிடம் ஏறக்குறைய அறுபது மரபணுக்கள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வெளியே காட்டும். உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் உண்டாக்கும்போது, வேறு கொக்கியைக் காட்டும் ஒட்டுண்ணிகள் பெருகிவிடும். மலேரியா அதிகமுள்ள ஆப்பிரிக்கக் கிராமத்தில் பிறக்கும் குழந்தை, காய்ச்சலுக்குமேல் காய்ச்சலாக வந்து, ஒவ்வொரு கொக்கிக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்துக்கொண்டே வளர்கிறது. பிழைத்து வளர்ந்தால், பெரியவரான பிறகு கடிபட்டாலும் பெரிதாக நோய் வருவதில்லை.

இந்தப் 'பெரியவர்' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்கலாம். 1961இல் காம்பியாவில் கோஹன், மெக்ரிகர் முதலியோர், நோயெதிர்ப்பு பெற்ற பெரியவர்களின் இரத்தத்திலிருந்து காமா குளோபுலினைப் பிரித்து மலேரியா வந்த குழந்தைகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். குழந்தைகளின் இரத்தத்தில் ஒட்டுண்ணிகள் வெகுவாகக் குறைந்தன. எதிர்ப்பொருள்தான் காக்கிறது என்பதற்கு அது மிகப் பெரிய சான்று. பெரியவருக்கு எதிர்ப்பு உண்டு, குழந்தைக்கு இல்லை என்ற சித்திரம் பாடநூல்களிலும் நிலைத்துவிட்டது. ஆனால் அந்தச் சித்திரம் ஆணுக்குத்தான் முழுதாகப் பொருந்தும். அவன் சிறுவயதில் பெற்ற பாதுகாப்பு, அதே ஊரில் இருக்கும்வரை அவனோடு இருக்கும். அவனோடு சேர்ந்து கடிபட்டு, அவனோடு சேர்ந்து காய்ச்சலில் கிடந்து, அதே பாதுகாப்பைப் பெற்ற அவன் அக்காவுக்கோ தங்கைக்கோ முதல் கர்ப்பத்தில் அது போதாமல் போகிறது.

ஏன் என்ற கேள்விக்கு மருத்துவம் நெடுங்காலம் சொன்ன பதில், கர்ப்பத்தில் பெண்ணின் எதிர்ப்புசக்தி குறைந்துவிடும் என்பது. பீட்டர் மெடவர் 1953இல் கேட்ட கேள்வி ஒன்று இதற்குப் பின்புலம். பாதி அந்நியமான கருவை ஒரு பெண்ணின் உடல் எப்படித் தள்ளிவிடாமல் வைத்திருக்கிறது? அவளுடைய எதிர்ப்பு அடங்கிப்போவதால் என்பது சொல்லப்பட்ட பதில்களில் ஒன்று. பிறகு கர்ப்பிணிக்கு வரும் எந்த நோய்க்கும் அதே காரணத்தைச் சொல்வது எளிதாகிவிட்டது. நமக்கு இது புதிதல்ல. பிள்ளை தங்கவில்லை என்றால் கர்ப்பப்பைக்குப் பலமில்லை என்பார்கள், இரத்தம் போதாது என்பார்கள், ராசியில்லாதவள் என்பார்கள். ஊர் சொன்னதையே ஆய்வகமும் மரியாதையான சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்த விளக்கத்தில் ஓட்டை வெளிப்படையாகவே இருந்தது. கர்ப்பத்தால்தான் எதிர்ப்பு அடங்குகிறது என்றால் மூன்றாவது கர்ப்பமும் முதலாவதைப் போலவே ஆபத்தாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. மலேரியா ஓயாமல் பரவும் இடங்களில் முதல் கர்ப்பத்தில் பாதிப்பு அதிகம், இரண்டாவதில் குறைவு, அதற்கடுத்து இன்னும் குறைவு.

ஃப்ரீட், டஃபி முதலியோரின் ஆய்வுகள் இந்தப் புதிரை அவிழ்த்தன. மேற்குக் கென்யாவில் பிரசவித்த பெண்களின் நஞ்சுக்கொடிகளில் இருந்த ஒட்டுண்ணிகள் மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருந்தன. காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் ஏயில் மட்டுமே அவை ஒட்டின. நஞ்சுக்கொடி ஒரு புதிய உறுப்பு. அது உருவாவதற்குமுன் இந்தக் கொக்கிக்கு மாட்டிக்கொள்ள இடமில்லை. இடம் இல்லாததால் அந்தக் கொக்கியைக் காட்டும் ஒட்டுண்ணிகள் உடலில் பெருகவில்லை. பெருகாததால் எதிர்ப்பொருளும் உண்டாகவில்லை. அதாவது, அவள் உடல் பலவீனப்படவில்லை. இதுவரை சந்திக்காத ஒன்றை முதன்முதலாகச் சந்திக்கிறது. அடுத்தடுத்த கர்ப்பங்களில் அது கற்றுக்கொள்கிறது. பலமுறை பிள்ளை பெற்ற ஆப்பிரிக்க, ஆசியப் பெண்களின் இரத்தச் சீரத்துக்கு ஒட்டுண்ணி ஒட்டுவதைத் தடுக்கும் திறன் இருந்ததை 1998இல் வந்த கட்டுரை காட்டியது. 2003இல் கோபன்ஹேகனில் அலி சலாந்தி முதலியோர் அந்தக் கொக்கிக்குரிய மரபணுவைக் கண்டறிந்தார்கள். அந்தப் புரதத்துக்கு வார்2சிஎஸ்ஏ என்று பெயர்.

பலவீனம் என்ற சொல் போய்க் கற்றல் என்ற சொல் வந்தது பெரிய மாற்றம். அறிவியல் மொழியைப் பெண்ணிய நோக்கில் வாசிக்கக் கற்றுத்தந்தவர்களில் ஒருவர் எமிலி மார்ட்டின். கருமுட்டையையும் விந்தணுவையும் பற்றிய பாடநூல் வருணனைகளில் ஆண் பெண் பற்றிய ஊர்க்கதைகள் எப்படி ஒளிந்திருக்கின்றன என்று 1991இல் எழுதிக் காட்டினார். நோயெதிர்ப்பியலில் உடல் ஒரு தேசமாகவும் நோய் படையெடுப்பாகவும் பேசப்படுவதையும் அவர் ஆராய்ந்தார். அந்தப் போர்மொழியில் நஞ்சுக்கொடி என்பது காவலில்லாத எல்லை. அதைத் திறந்துவிட்ட குற்றம் பெண்ணுடலுடையது. கற்றல் என்ற மொழியில் அந்தக் குற்றம் இல்லை.

இந்த இடத்தில் நம் பக்கத்து ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். பெண்ணுடலின் ஞானம், தாய்மையின் சக்தி, இயற்கை தந்த கவசம் என்றெல்லாம் புகழ்ந்து எழுதும் போக்கு பெண்ணியத்துக்குள்ளேயே உண்டு. வார்2சிஎஸ்ஏக்கு எதிரான எதிர்ப்பொருள் அந்தப் போக்குக்குக் கிடைத்த நல்ல உதாரணம் போலத் தோன்றும். தாயானவளிடம் இருக்கிறது, பொதுவாக ஆணிடம் இல்லை. ஆனால் அந்த எதிர்ப்பொருள் எப்படி வந்தது? முதல் கர்ப்பத்தில் ஒட்டுண்ணிகள் நஞ்சுக்கொடியில் குவிந்ததால் வந்தது. அப்போது அவளுக்கு இரத்தசோகை. நஞ்சுக்கொடி அழற்சியால் கருவுக்குப் போக வேண்டிய ஊட்டம் குறைந்தது. பிள்ளை எடை குறைந்து பிறந்திருக்கலாம், மாதம் நிறையாமல் பிறந்திருக்கலாம், இறந்தே பிறந்திருக்கலாம். முதல் பிள்ளை தங்காதவளிடம், அடுத்தது நல்லபடியாக நிற்கும் என்று தேற்றுவது நம் ஊர் வழக்கம். மலேரியா நாடுகளில் இந்தத் தேறுதலுக்கு நோயெதிர்ப்பியல் ஆதாரமே இருக்கிறது. அதற்காக அதைக் கொண்டாட முடியுமா? இரண்டாவது பிள்ளையைக் காக்கும் எதிர்ப்பொருள், தலைச்சன் கொடுத்த விலைக்குக் கிடைத்த ரசீது. கவசம் என்று அதைப் புகழ்கிறவர்கள் விலையைப் பற்றிப் பேசுவதில்லை.

இது வெறும் உருவகம் இல்லை. ஆய்வாளர்கள் தினமும் மோதிக்கொள்ளும் நடைமுறைச் சிக்கலும் இதுதான். ஒரு கர்ப்பிணியின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் அதிகம் என்றால் அவள் பாதுகாப்பாக இருக்கிறாள் என்று பொருளா, அவளுக்குத் தொற்று இருக்கிறது அல்லது இருந்தது என்று பொருளா? இரண்டுமாக இருக்கலாம். கொசுவலைக்குள் படுத்துத் தொற்றே இல்லாமல் பிரசவித்தவளிடம் எதிர்ப்பொருள் குறைவாக இருக்கும். அவள் நலமாக இருக்கிறாள். கணக்கில் எதிர்ப்பு இல்லாதவள். மொசாம்பிக்கின் மன்ஹிசா பகுதியில் 2003 முதல் 2012 வரை பிரசவித்த பெண்களைப் பற்றிய ஆய்வு 2015இல் வந்தது. மலேரியா குறைந்தபோது பெண்களின் எதிர்ப்பொருளும் குறைந்தது. பிறகு நோய் திரும்பி வந்தபோது, தொற்று ஏற்பட்ட பெண்களின் பாதிப்பு முன்னைவிடக் கடுமையாக இருந்தது. எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களிலோ, பல பிள்ளை பெற்ற பிறகும் இந்தப் பாதுகாப்பு முழுதாகக் கிடைப்பதில்லை. உடல் கற்ற பாடத்தை நம்பிப் பெண்களை விட்டுவிட முடியாது என்பதற்கு இவை போதும்.

கற்கவே வாய்ப்பில்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1934-35இல் இலங்கையில் பரவிய மலேரியா சுமார் 80,000 பேரைக் கொன்றது. வழக்கமாக மலேரியா அதிகமில்லாத ஈரவலயத்து மக்கள், எதிர்ப்பு இல்லாத நிலையில் அதில் சிக்கினார்கள். அப்போது கொழும்பின் டி சொய்சா மகப்பேற்று மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் விக்ரமசூரிய, மலேரியாவோடு வந்த கர்ப்பிணிகளைப் பற்றிக் குறிப்பெடுத்து எழுதினார். 1937இல் அது புத்தகமாகவும் வந்தது. அங்கே பிள்ளையின் எடை குறைந்ததோடு கதை முடியவில்லை, பெண்கள் செத்தார்கள். எதிர்ப்பு சேராத மக்களிடையே தலைப்பிரசவம், மறுபிரசவம் என்ற பேதமில்லாமல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்நோய் ஆபத்து. இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்றது. அங்குள்ள பெண்கள் இன்று பாதுகாப்பாக இருப்பதற்கு அவர்கள் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் காரணமில்லை. பல தலைமுறை சுகாதாரப் பணியாளர்களின் உழைப்பு காரணம்.

இனி, எது அளக்கப்படுகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். வார்2சிஎஸ்ஏ எதிர்ப்பொருள் காக்கிறது என்பதற்குக் காட்டப்பட்ட முதல் சான்றுகளில் ஒன்று, அது அதிகமுள்ள பெண்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறப்பது குறைவு என்பது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கிலும் அதே அளவுகோல்தான் முன்னால் நிற்கிறது. 2019இல் ஆப்பிரிக்காவின் 33 நாடுகளில் சுமார் 3 கோடியே 30 லட்சம் கர்ப்பங்கள். அவற்றில் 1 கோடியே 20 லட்சம் கர்ப்பங்களில் மலேரியாத் தொற்று. அதனால் 8 லட்சத்து 22 ஆயிரம் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. பிறப்பு எடை முக்கியம், அதில் சந்தேகமில்லை. 2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தையின் உயிர் ஊசலாடுகிறது. ஆனால் பெண்ணின் நோயைக் குழந்தையின் எடையை வைத்தே அளந்துகொண்டிருந்தால், நஞ்சுக்கொடி நிறைய ஒட்டுண்ணியோடு, காய்ச்சல்கூட இல்லாமல், இரத்தம் குறைந்து குறைந்து தண்ணீர் சுமந்துகொண்டிருப்பவள் எந்தக் கட்டத்தில் வருவாள்? இந்த நோயின் கொடுமையே அதுதான். அது பல நேரம் அறிகுறி காட்டாது. விரலில் எடுத்த இரத்தத்தில் ஒட்டுண்ணி தெரியாமலும் போகும். அவள் எழுந்து வேலை செய்துகொண்டிருப்பதால் நலமாக இருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். கர்ப்பிணி சோர்ந்திருந்தால் அது கர்ப்பத்தின் இயல்பு என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்.

மருந்து விஷயத்திலும் அவள் கடைசியில்தான் நிற்கிறாள். ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துகளை ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு முதன்மைச் சிகிச்சையாக உலக சுகாதார நிறுவனம் 2006 வழிகாட்டுதலில் பரிந்துரைத்தது. முதல் மூன்று மாதக் கர்ப்பிணிக்கு மட்டும் பழைய குயினைன்தான். கருவுக்கு என்ன ஆகுமோ என்ற அச்சம் நியாயமானது. ஆனால் சோதனைகளிலிருந்து கர்ப்பிணிகளை விலக்கிவிட்டு, கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானது என்பதற்குத் தரவு இல்லை என்று சொல்வது ஒரு வட்டம். 2022இல்தான் முதல் மூன்று மாதத்துக்கும் ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின் பரிந்துரைக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகள். கர்ப்பிணிகளுக்குத் தடுப்புமருந்தாகத் தரப்படும் சல்ஃபாடாக்சின்-பைரிமெத்தமின் நான்காவது மாதத்திலிருந்துதான் தொடங்குகிறது, அதுவும் மகப்பேறு மருத்துவமனைக்கு வந்தால். முதல் கர்ப்பத்தைச் சொல்லவே கூச்சப்படும் பதினேழு வயதுப் பெண் எப்போது வருவாள் என்று யோசித்துப் பாருங்கள்.

தடுப்பூசியால் இந்த விலையைக் கொடுக்காமலே பாடத்தைக் கற்பிக்க முடியுமா? குழந்தைகளுக்கான இரண்டு மலேரியாத் தடுப்பூசிகளை 2021இலும் 2023இலும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவிட்டது. வார்2சிஎஸ்ஏயை வைத்துச் செய்யப்பட்ட பாம்வாக், பிரிம்வாக் என்ற இரண்டு தடுப்பூசிகளின் முதற்கட்டச் சோதனை முடிவுகள் 2019, 2020 ஆண்டுகளில் வந்தன. பெரிய பக்கவிளைவு இல்லை, எதிர்ப்பொருள் உண்டாகிறது. ஆனால் தடுப்பூசியில் உள்ள வகைக்கு எதிராக வேலை செய்த அளவு மற்ற வகைகளுக்கு எதிராக வேலை செய்யவில்லை. ஒட்டுண்ணியின் பல வகைகளையும் தடுக்கும் எதிர்ப்பொருளைத் தடுப்பூசி இன்னும் எட்டவில்லை. நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. கொலம்பியாவில் ஆண்களிடமும் குழந்தைகளிடமும்கூட இந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதை 2014இல் வந்த ஆய்வு காட்டியது. கர்ப்பமாகாமலே இந்தப் பாடத்தைக் கற்க வழியுண்டு என்று அதற்குப் பொருள். மாலி நாட்டில் கருத்தரிக்கத் திட்டமிட்டிருந்த பெண்களுக்கு வேறொரு வகைத் தடுப்பூசியைக் கொடுத்துச் சோதித்து, பிறகு கருவுற்றவர்களையும் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2024இல் வெளியானது. கர்ப்பத்திலும் அது காத்ததற்கான அறிகுறிகள் தெரிந்தன. திட்டமிட்டவள் என்று ஒரு பெண்ணை அடையாளப்படுத்தியதே எனக்கு முக்கியமாகப் பட்டது. அங்கே அவள் முடிவெடுக்கிறவளாக இருக்கிறாள்.

அந்த அடையாளம் தொடர வேண்டும் என்பதே என் கவலை. முதல் கர்ப்பத்துக்கு முன்பே போட வேண்டிய ஊசி என்றால் அது வளரிளம் பெண்களுக்குப் போய்ச் சேரும். அவர்களை வருங்காலத் தாய்கள் என்று அழைத்துக் கையை நீட்டச் சொல்வதா, இது உன் உடல், உன் இரத்தம், உன் உயிர் என்று சொல்லிச் சம்மதம் கேட்பதா என்பது அரசியல் கேள்வி.

இன்னொரு செய்தியையும் மாணவிகள் அறிந்திருக்க வேண்டும். நஞ்சுக்கொடியில் உள்ள அதே வகைச் சர்க்கரைப் பொருள் பலவகைப் புற்றுநோய்க் கட்டிகளிலும் இருப்பதைச் சலாந்தி முதலியோர் 2015இல் காட்டினார்கள். மலேரியாவின் கொக்கிப் புரதம் புற்றணுக்களையும் பற்றிக்கொள்கிறது. அதைக் கொண்டு புற்றுநோயைக் கண்டறியவும் தாக்கவும் முயற்சிகள் நடக்கின்றன. வெற்றி பெற்றால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் இந்த அறிவு தொடங்கிய இடம் பிரசவ அறை. நாம் குழிதோண்டிப் புதைத்து மறந்துவிடும் நஞ்சுக்கொடியை, ஆப்பிரிக்கப் பெண்கள் ஆய்வுக்காகக் கொடுத்தார்கள். அவர்களுக்கென்று முதலில் வந்திருக்க வேண்டிய தடுப்பூசி இன்னும் வரவில்லை.

இந்த ஆய்வுகளில் ஏதாவது ஒன்று உங்கள் கைக்கு வந்தால் முதல் அட்டவணையைப் பாருங்கள். பெண்களை எத்தனையாவது கர்ப்பம் என்று பிரித்திருப்பார்கள். முதல் கர்ப்பம் என்ற வரிக்கு எதிரே எதிர்ப்பொருள் குறைவு என்று இருக்கும். மூன்றுக்கு மேல் என்ற வரிக்கு எதிரே அதிகம் என்று இருக்கும். கண் உடனே அந்தப் பெரிய எண்ணுக்குப் போகும். அந்தப் பெரிய எண்ணுக்குரிய பெண்களில் ஒவ்வொருத்தியும் ஒருகாலத்தில் மேல்வரியில் இருந்தவள்தான். அங்கிருந்து இங்கே வருவதற்குள் அவள் இழந்தது எந்தக் கட்டத்திலும் இல்லை. அந்தக் கட்டத்தையும் கேட்டு வாங்குவதுதான் வாசிக்கிற நம் வேலை.